மஞ்சள் விளக்கு எரியுது, வண்டி இழுக்கல: டீசல் வேன்கள் ஏன் திரும்பத் திரும்ப மக்கர் செய்கின்றன?

சேலம் ஜங்ஷன் அமைந்திருக்கும் சூரமங்கலத்தில் காலை ஆறு மணிக்கே சரக்கு வேன்களின் ஓட்டம் தொடங்கிவிடும். ரயிலில் வந்த பார்சலை ஏற்றிக்கொண்டு ஐந்து ரோடு, அங்கிருந்து செவ்வாய்ப்பேட்டை லீ பஜார், மீண்டும் சூரமங்கலம். ஒவ்வொரு ஓட்டமும் நான்கைந்து கிலோமீட்டர்தான். நடுவில் சிக்னல், நெரிசல், சரக்கு இறக்கும் நேரம். மாலைக்குள் வண்டி பத்துப் பதினைந்து முறை ஸ்டார்ட் ஆகி நின்றிருக்கும்.

ஒருநாள் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். "வண்டி ஓடுதுல்ல, அப்புறம் பாத்துக்கலாம்" என்று ஓட்டுவார்கள். சில நாளில் மேடேறும்போது இழுவை குறையும். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தாலும் வேகம் கூடாது. பட்டறைக்குப் போனால் ஒரு சென்சார் மாற்றுவார்கள். மூன்று மாதம் கழித்து அதே விளக்கு, அதே பட்டறை.

வேன் ஒருநாள் நின்றால் அன்றைய வாடகை போச்சு. மாதத் தவணை மட்டும் நிற்காது. ஒரே கோளாறு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? பழைய வண்டிகளில் இல்லாத இந்தத் தொல்லை புதிய வண்டிகளில் மட்டும் ஏன்?

2020-ல் என்ன மாறியது?

2005-ல் டாடா ஏஸ் வந்தபோது, தமிழ்நாடு அதற்குக் 'குட்டி யானை' என்று பெயர் வைத்தது. இரண்டு சிலிண்டர், எளிமையான டீசல் இன்ஜின். அந்தக் காலத்து வண்டிகளில் கோளாறு என்றால் மெக்கானிக் ஸ்குரூ டிரைவரின் நுனியை இன்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துச் சத்தம் கேட்பார். பாதி நோய் அதிலேயே தெரிந்துவிடும்.

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ்-6 வாகனங்களை மட்டுமே விற்க வேண்டும் என்று உத்தரவிட்டது. பிஎஸ்-4-லிருந்து பிஎஸ்-5-ஐத் தாண்டி நேராக பிஎஸ்-6-க்குத் தாவினோம். டீசலில் கந்தகத்தின் அளவு 50 பிபிஎம்மில் இருந்து 10 பிபிஎம்முக்கு இறங்கியது. டீசல் கார்கள் ஒரு கிலோமீட்டருக்கு வெளியிடலாம் என அனுமதிக்கப்பட்ட புகைத்துகள் 25 மில்லிகிராமில் இருந்து 4.5 மில்லிகிராமாகக் குறைந்தது. சரக்கு வாகனங்களுக்கும் இதேபோல வரம்பு இறுகியது.

இந்த அளவுக்குப் புகையைக் குறைக்க இன்ஜினைச் சரிசெய்தால் மட்டும் போதாது. சைலன்சர் பக்கம் ஒரு வடிகட்டி, புகையின் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் அனுப்பும் இஜிஆர் வால்வு, வெப்பத்தையும் அழுத்தத்தையும் அளக்கும் சென்சார்கள், எல்லாவற்றையும் கவனிக்கும் இசியு என்ற கணினி என ஒரு கூட்டமே வண்டிக்குள் வந்தது. காற்று சுத்தமானது நல்ல விஷயம். ஆனால் வண்டியை ஓட்டும் முறையும் பழுது பார்க்கும் முறையும் பெரும்பாலும் பழையபடியே இருக்கின்றன. தொல்லை தொடங்குவது இந்த இடைவெளியில்தான்.

வடிகட்டி ஏன் அடைக்கிறது?

டிபிஎஃப் எனப்படும் புகை வடிகட்டி, தேன்கூடு போன்ற அமைப்பு. கரித்துகள் அதில் சிக்கிக்கொள்ளும். சேர்ந்த கரியை அவ்வப்போது எரித்துத் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள வேண்டும். இதற்கு 'ரீஜெனரேஷன்' என்று பெயர். அப்போது வடிகட்டிக்குள் சுமார் 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். வேலை முடியப் பத்து முதல் இருபது நிமிடம் ஆகும்.

நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு இது சிரமமே இல்லை. சூரமங்கலத்துக்கும் செவ்வாய்ப்பேட்டைக்கும் இடையிலேயே சுற்றும் வண்டிக்கு அந்தச் சூடு வருவதற்குள் ஓட்டம் முடிந்துவிடுகிறது. சுத்தம் செய்யும் வேலை பாதியில் நிற்கிறது. அடுத்த முறையும் பாதியிலேயே நிற்கிறது. கரி சேர்ந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் இன்ஜினைக் காப்பாற்ற இசியு இழுவையைக் குறைத்துவிடும். "பவர் கட் ஆகுது" என்று ஓட்டுநர்கள் சொல்வது பல நேரம் இதைத்தான்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சூடேற்றுவதற்காகப் பல இன்ஜின்கள் கூடுதலாகக் கொஞ்சம் டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும். வேலை பாதியில் நின்றால், எரியாத டீசலில் ஒரு பங்கு இன்ஜின் ஆயிலில் கலக்கும். ஆயில் நீர்த்துப்போகும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு குறையாமல் ஏறிக்கொண்டே போனால் சந்தோஷப்படக் கூடாது. அது டர்போவுக்கும் பேரிங்குக்கும் வரப்போகும் செலவின் முன்னறிவிப்பு.

சுத்தம் செய்தும் மறுபடி ஏன் வருகிறது?

பட்டறையில் ஸ்கேனர் மாட்டி, நின்ற நிலையிலேயே கரியை எரிக்க வைக்கலாம். வடிகட்டியைக் கழற்றியும் சுத்தம் செய்யலாம். ஆனால் கரி அளவுக்கு மீறிச் சேரக் காரணம் வேறு இடத்தில் இருந்தால், சில மாதத்தில் அடைப்பு திரும்பிவிடும்.

ஒழுகும் இன்ஜெக்டர், கரி படிந்து பாதி திறந்தே நிற்கும் இஜிஆர் வால்வு, டர்போவிலிருந்து வரும் ரப்பர் ஹோஸில் வெடிப்பு. இந்த மூன்றில் எது இருந்தாலும் இன்ஜின் கூடுதலாகக் கரியைக் கக்கும். வடிகட்டி அதை வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது: டேங்க்கில் டீசல் ரிசர்வுக்குப் போய்விட்டாலோ, ஹீட்டர் பிளக், வெப்ப சென்சார் போன்றவற்றில் பழுது பதிவாகி இருந்தாலோ, பல வண்டிகளில் ரீஜெனரேஷன் தொடங்கவே தொடங்காது. தினமும் அந்தந்த ஓட்டத்துக்கு மட்டும் டீசல் போடும் பழக்கம், மாதக் கடைசியில் டிபிஎஃப் பில்லாக வந்து நிற்பது இப்படித்தான்.

ஆயிலும் முக்கியம். கரி எரிந்து போகும், ஆயிலில் உள்ள சாம்பல் எரியாது. அது வடிகட்டியிலேயே தங்கிவிடும். அதனால்தான் பிஎஸ்-6 வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த ஆயிலைத் தயாரிப்பாளர்கள் குறிப்பிட்டுச் சொல்கிறார்கள். விலை குறைவு என்று பழைய வகை ஆயிலை ஊற்றினால், மிச்சமாவது சில நூறு ரூபாய், அடைபடுவது விலை உயர்ந்த வடிகட்டி.

எலக்ட்ரிக்கல்: கால் வோல்ட்டில் வரும் கலாட்டா

"செல்ஃப் எடுக்கல", "மீட்டர் போர்டுல எல்லா லைட்டும் எரியுது", "சென்சார் அடிச்சுருச்சு". எலக்ட்ரிக்கல் பட்டறைகளில் அதிகம் காதில் விழும் மூன்று வாக்கியங்கள் இவை. மூன்றுக்கும் பல நேரம் ஒரே காரணம் இருக்கும்: பலவீனமான பேட்டரி அல்லது துருப்பிடித்த எர்த்.

பழைய வண்டியில் எர்த் சரியில்லை என்றால் ஹெட்லைட் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். இப்போதைய சென்சார்கள் 5 வோல்ட்டில் வேலை செய்கின்றன. எர்த் இணைப்பில் கால் வோல்ட் வீணானாலே, சென்சார் அனுப்பும் செய்தி இசியுவுக்குத் தப்பாகப் போய்ச் சேரும். உடனே விளக்கு எரியும். பட்டறையில் சென்சாரை மாற்றுவார்கள். கழற்றி மாட்டும்போது கனெக்டர் சுத்தமாவதால் சில வாரம் சரியாக இருக்கும். பிறகு பழைய கதைதான். நல்ல சென்சார் குப்பைக்குப் போனதுதான் மிச்சம்.

சாதாரண மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் நிறைய தெரிந்துவிடும். இரவு முழுக்க நின்ற வண்டியில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அருகே காட்ட வேண்டும். இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை. அதற்குக் கீழே என்றால் ஆல்டர்னேட்டரையோ (பட்டறை மொழியில் டைனமோ) அதன் பெல்ட்டையோ பார்க்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே சரிந்தால் பேட்டரி மீது சந்தேகம். இன்ஜின் ஓடும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் உடம்புக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஸ்ட்ராப்பைச் சுத்தம் செய்ய வேண்டும். செலவு ஒரு துண்டு உப்புத்தாளும் பத்து நிமிடமும்.

கூடுதல் ஸ்பீக்கர், எல்இடி விளக்கு, ஃபேன் ஆகியவற்றுக்குக் கையில் கிடைத்த ஒயரை வெட்டி இணைப்பதும் பெரிய தலைவலி. தனி ஃபியூஸ், தனி ஒயர் இல்லாமல் இழுத்தால், மழைக்காலத்தில் அந்த மூட்டில்தான் துரு ஏறும். நிறுத்தி வைத்த வண்டியில் எலி ஒயரைக் கடிப்பதும் நம்ம ஊரில் சர்வ சாதாரணம்.

வெல்டிங்: இந்தப் பகுதிக்கே உரிய ஆபத்து

லாரி பாடி கட்டுவதற்கு நாமக்கல் நாடறிந்த ஊர். வேனுக்குக் கூண்டு கட்டவும் கேரியர் வைக்கவும் இந்த வட்டாரத்தில் பட்டறைகளுக்குப் பஞ்சமே இல்லை. பழைய வண்டியில் எங்கே வேண்டுமானாலும் வெல்டிங் வைக்கலாம். இசியு உள்ள வண்டியில் பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் வெல்டிங் வைத்தால், அந்தக் கரண்ட் எர்த் வழியாகப் புகுந்து கணினியையே கெடுத்துவிடலாம். பேட்டரியின் இரு முனைகளையும், தயாரிப்பாளர் சொல்லியிருந்தால் இசியு கனெக்டரையும் கழற்ற வேண்டும். வெல்டிங் மெஷினின் எர்த் கிளிப்பை வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும். சொல்லித்தான் வண்டியை விட வேண்டும்.

யூரியாவும் சேலம் வெயிலும்

பெரிய வண்டிகள் பலவற்றிலும் சில வேன்களிலும் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க ஒரு திரவம் ஊற்ற வேண்டும். ஓட்டுநர்கள் 'யூரியா' என்பார்கள். 32.5 சதவீதம் யூரியா, மீதி தாது நீக்கிய நீர். 30 டிகிரியில் வைத்தால் சுமார் ஓராண்டு தாங்கும் இது, 35 டிகிரியில் ஆறு மாதம்தான் தாங்கும். கோடையில் கொளுத்தும் ஊரில் தகரக் கொட்டகைக்குள் கேன்களை அடுக்கி வைத்தால் தரம் போய்விடும். வயலுக்குப் போடும் யூரியாவைக் குழாய்த் தண்ணீரில் கரைத்து ஊற்றுவது அதைவிட மோசம். உப்புப் படிந்து பம்ப்பும் கினையூக்கியும் பாழாகும்.

'கழற்றிப் போட்டுட்டா தொல்லை தீர்ந்துச்சு' சரியா?

வடிகட்டியைக் கழற்றிவிட்டு, இசியு மென்பொருளையும் மாற்றித் தருவதாகச் சொல்பவர்கள் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இத்தகைய மாற்றங்களைத் தடுக்கிறது. 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். புகை விதியை மீறினால் 190-வது பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம் தனி. எஃப்சி நேரத்தில் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பும் இருக்கிறது. பிரிட்டனில் 2014 பிப்ரவரி முதல், வடிகட்டி இருக்க வேண்டிய வண்டியில் அது இல்லை என்றால் ஆண்டுச் சோதனையிலேயே தோல்விதான்.

சட்டம் ஒருபக்கம். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது, நாள் முழுக்க வண்டியோடு இருக்கும் ஓட்டுநரும் சரக்கு இறக்குபவரும்தான்.

என்ன செய்யலாம்?

* வாரம் ஒருமுறையாவது ஒரு நீண்ட ஓட்டம். சேலத்திலிருந்து நாமக்கல் சுமார் 50 கிலோமீட்டர். அந்தச் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் நிற்காமல் இருபது நிமிடம் ஓடினாலே வடிகட்டிக்குப் போதும். பல வண்டிகள் இருந்தால், வெளியூர் ஓட்டத்தை முறைவைத்துக் கொடுக்கலாம்.
* டிபிஎஃப் விளக்கு எரிந்தால் அன்றே கவனியுங்கள். ரீஜெனரேஷன் நடக்கும்போது வண்டியை அணைக்காதீர்கள்.
* டேங்க்கில் கால் பங்காவது டீசல் இருக்கட்டும்.
* டீசல் ஃபில்டரின் அடியில் சேரும் தண்ணீரை, கையேட்டில் சொன்னபடி வடித்துவிடுங்கள். இன்ஜெக்டரின் முதல் எதிரி தண்ணீர்தான்.
* பட்டறையில் பழுதுக் குறியீட்டை அழிக்கும் முன் அதைப் படம் எடுத்து வையுங்கள். அதே எண் மூன்று முறை வந்தால், பாகத்தை மாற்றும் முன் ஒயரையும் எர்த்தையும் சோதிக்கச் சொல்லுங்கள்.
* எந்தத் தேதியில், எத்தனையாவது கிலோமீட்டரில், எதை மாற்றினோம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள்.

கடைசியாகச் சொன்னது சின்ன வேலைதான். ஆனால் வண்டியை ஓட்டுபவர் ஒருவர், பட்டறைக்கு எடுத்துப் போகிறவர் இன்னொருவர், பணம் கட்டுபவர் மூன்றாமவர் என்று இருக்கும் தொழிலில், ஒரே கோளாறுக்கு நான்காவது முறையாகப் பணம் கட்டுகிறோம் என்பதைக் கண்டுபிடிக்க அந்த நோட்டைத் தவிர வேறு வழி இல்லை. வீட்டில் அப்பாவோ அண்ணனோ வேன் வைத்திருந்தால், இன்று மாலை அவர் வண்டியின் டேஷ்போர்டை ஒருமுறை எட்டிப் பாருங்கள். அந்த மஞ்சள் விளக்கு எத்தனை நாளாக எரிகிறது என்று கேளுங்கள்.