நூற்றுக்கு எத்தனை?

ஸ்ரீவராகத்துப் பிள்ளைகள் "சதவீதம் எதுக்கு?" என்று கேட்பதுண்டு. நான் வியாபாரக் கணக்கிலேயே சொல்வேன். ஒரு பட்டறை 8,000 எவர்சில்வர் டம்ளர் செய்து 160 பழுது என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று 500 செய்து 20 பழுது. 160ஐ மட்டும் பார்த்தால் முதல் பட்டறையைத் தள்ளிடுவோம். நூற்றுக்குப் பார்த்தால் அங்கே 2, இங்கே 4. அதிகம் செய்பவன் மேல் வீண்பழி விழாமல் காப்பது இந்த 'நூற்றுக்கு'தான்.

இது மேல்நாட்டார் கற்றுத் தந்ததன்று. 9ஆம் நூற்றாண்டில் சமணப் பெரியார் மகாவீராச்சாரியார் இயற்றிய கணிதசாரசங்கிரகம் வட்டியை நூற்றுக்கு இவ்வளவு என்றே கணக்கிடுகிறது. ரங்காச்சாரியார் அதை 1912இல் சென்னையில் ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பித்தார்.

ஆனால் ஒன்று. 2ஐயும் 4ஐயும் கூட்டிப் பாதியாக்கி, இரு பட்டறைக்கும் சேர்த்து 3 சதவீதம்னு சொல்லக் கூடாது. மொத்தம் 8,500க்கு 180 பழுது, ஏறத்தாழ 2.12 சதவீதமே.

அந்த 2 சதவீதமும் பெரிய ஆலைக்குப் போதாது. பத்து லட்சத்துக்கு 20,000 பழுதாச்சே! 1998இல் சென்னை பாடியின் சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு, தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசை இந்தியாவில் முதலாவதாகப் பெற்றது. இத்தகைய ஆலைகள் பழுதைப் பத்து லட்சத்துக்கு எத்தனை என்றே எண்ணுகின்றன.

ஆகவே, யாராவது சதவீதம் சொன்னால், "எத்தனைக்கு?" என்று கேட்கப் பிள்ளைகளைப் பழக்குவோம்.