புதுக் கணினியில் திரை வரவில்லையா?

புதிதாக அசெம்பிள் செய்த கணினியில் பவர் பட்டனை அழுத்தியதும் விசிறிகள் சுழல்கின்றன, விளக்குகள் எரிகின்றன. மானிட்டரில் மட்டும் ‘நோ சிக்னல்’ என்று வந்து மறைகிறது. பெரும் விலை கொடுத்து வாங்கிய கிராபிக்ஸ் கார்டே பழுது என்று பலரும் அப்போதே முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அந்த முடிவு தவறு. மாறிச் செருகிய கேபிள், ஸ்லாட்டில் முழுதாக இறங்காத கார்டு, கொடுக்க மறந்த மின் இணைப்பு, சரியாக உட்காராத ராம் என ஏதோ ஒரு சிறு காரணமே திரையை இருட்டாக்குகிறது. வெளியிலிருந்து உள்ளே, எளியதிலிருந்து கடினமானதற்கு, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் என்ற ஒழுங்கில் தேடினால் காரணம் பிடிபடும்.

கேபிளும் மானிட்டரும்

கேபினட்டின் பின்புறத்தில் மானிட்டர் கேபிளைச் செருக இரண்டு இடங்கள் உண்டு. யுஎஸ்பி துளைகளுக்கு அருகில் இருப்பவை மதர்போர்டுக்கு உரியவை. அவற்றுக்குக் கீழே தனியாக வரிசையாக இருப்பவை கிராபிக்ஸ் கார்டுக்கு உரியவை. கார்டு பொருத்திய கணினியில் கேபிள் கீழ்வரிசையில்தான் இருக்க வேண்டும். இன்டெல் பிராசஸர்களில் பெயரின் இறுதியில் ‘எஃப்’ என்ற எழுத்து உள்ளவற்றிலும், ரைசன் 5 5600 போன்றவற்றிலும் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. அவற்றை வைத்துக்கொண்டு மதர்போர்டு துளையில் கேபிளைச் செருகினால் எந்தக் காலத்திலும் படம் வராது.

அடுத்து, மானிட்டரின் மெனுவில் எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் ஆகியவற்றில் சரியான உள்ளீடு தேர்வாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேறு கேபிள், கார்டின் வேறு துளை, வீட்டு டிவி என ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது செலவில்லாத சோதனை.

பிராசஸரில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இருந்தால் வேலை இன்னும் எளிது. கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டு துளையில் கேபிளைச் செருகிக் கணினியை இயக்க வேண்டும். படம் வந்தால் பிராசஸர், ராம், மதர்போர்டு, மானிட்டர் எல்லாம் சரி. தேட வேண்டியது கார்டு, அதன் ஸ்லாட், அதன் மின் இணைப்பு ஆகிய மூன்றில் மட்டுமே.

கார்டு ஸ்லாட்டில் இறங்கியதா?

கேபினட்டைத் திறப்பதற்கு முன் எஸ்எம்பிஎஸ் சுவிட்சை அணைத்து, மின்கம்பியைப் பிளக்கிலிருந்து உருவிவிட வேண்டும். பிறகு பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். கேபினட்டின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்கினால் உடம்பிலுள்ள நிலைமின்சாரம் பாகங்களைத் தாக்காது.

கார்டைச் செருக வேண்டியது பிராசஸருக்கு அருகிலுள்ள நீளமான மேல் ஸ்லாட்டில். கார்டு முழுதாக இறங்கும்போது ஸ்லாட்டின் முனையிலுள்ள கொக்கி ‘க்ளிக்’ என்று பூட்டிக்கொள்ளும். கார்டின் அடிவிளிம்பிலுள்ள தங்கநிறத் தொடுபட்டைகள் ஒரு பக்கம் மறைந்து மறுபக்கம் வெளியே தெரிந்தால் கார்டு சாய்ந்திருக்கிறது என்று பொருள். கார்டு கேபினட்டின் உலோகச் சட்டத்தில் இடித்துக்கொண்டிருக்க ஸ்க்ரூவை இறுக்கினால், மறுமுனை மேலே எழும்பிவிடுவதும் உண்டு. இப்படியிருந்தால் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கார்டை வெளியே எடுத்து, மீண்டும் நேராக அழுத்திப் பொருத்த வேண்டும்.

மின்சாரம் போதுமா?

ஸ்லாட் வழியாகக் கார்டுக்குக் கிடைக்கும் மின்சாரம் அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் தேவைப்படும் கார்டுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேரடியாகக் கம்பி வர வேண்டும். 6 பின் இணைப்பு 75 வாட்டும், 8 பின் இணைப்பு 150 வாட்டும் தரும். 115 வாட் இழுக்கும் ஆர்டிஎக்ஸ் 4060 கார்டுக்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்பது என்விடியாவின் பரிந்துரை.

பிராசஸருக்குப் போகும் 8 பின் பிளக்கும் கார்டுக்குப் போகும் 8 பின் பிளக்கும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். முன்னது நான்கும் நான்குமாகவும் பின்னது ஆறும் இரண்டுமாகவும் பிரியும். இரண்டிலும் மின்னோட்டத் திசை நேரெதிரானது. ஆகவே எளிதில் நுழையாத பிளக்கை வலிந்து திணிக்கக் கூடாது. பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கழற்றக்கூடிய கம்பிகளைப் புதியதில் பயன்படுத்துவதும் ஆபத்து. பின்களின் அமைப்பு மாறியிருந்தால் பாகங்கள் கருகிவிடும்.

புதிய உயர்திறன் கார்டுகளில் 16 பின் இணைப்பு வருகிறது. இதன் 12 பின்கள் மின்சாரத்துக்கு, 4 பின்கள் சமிக்ஞைக்கு. 2022இல் ஆர்டிஎக்ஸ் 4090 வெளிவந்த சில வாரங்களில் இந்த இணைப்பு உருகியதாகப் புகார்கள் எழுந்தன. பிளக் முழுதாக உள்ளே போகாதது அவற்றில் பொதுவாகக் காணப்பட்ட குறை. பின்னர் வந்த திருத்திய வடிவத்தில் சமிக்ஞைப் பின்கள் குட்டையாக்கப்பட்டன. பிளக் முழுதாக இறங்காவிட்டால் கார்டு இயங்காமலே நின்றுவிடும். திரை வராததற்கு அதுவே காரணமாகலாம்.

கார்டின் விசிறி சுழலவில்லை என்பதை மட்டும் வைத்துப் பழுது என்று சொல்லிவிட முடியாது. சூடு ஏறும்வரை விசிறி நின்றே இருக்கும்படிதான் இன்றைய கார்டுகள் பல வடிவமைக்கப்பட்டுள்ளன.

மதர்போர்டு காட்டும் அடையாளம்

பல மதர்போர்டுகளில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்ற நான்கு சிறு விளக்குகள் உண்டு. எந்த விளக்கு அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். விஜிஏ விளக்கு நின்றால் கார்டைப் பார்க்க வேண்டும். டிராம் விளக்கு நின்றால் கார்டை விட்டுவிட்டு ராமைப் பார்க்க வேண்டும். ஸ்பீக்கர் இணைத்த மதர்போர்டு ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலிகளும் எழுப்பினால், பல பயாஸ்களில் அது திரைக்கோளாறின் அறிகுறி.

ராம் இரண்டு இருந்தால், நான்கு ஸ்லாட் கொண்ட மதர்போர்டில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் பொருத்துவதே வழக்கம். ஒரே ஒரு ராமை மட்டும் வைத்துச் சோதிப்பதும் நல்லது. டிடிஆர்5 ராம் உள்ள கணினி முதல்முறை இயங்கும்போது ராமைப் பழக்கப்படுத்திக்கொள்ளச் சில நிமிடங்கள்கூட எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் திரை இருட்டாகவே இருக்கும். அவசரப்பட்டு அணைத்தால் வேலை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

பயாஸ் அமைப்புகள்

மதர்போர்டு பிராசஸருக்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்ததாக இருந்தால் பயாஸைப் புதுப்பிக்கும்வரை திரை வராமல் போகலாம். 2018இல் வந்த பி450 மதர்போர்டில் 2020இல் வந்த ரைசன் 5000 வரிசையைப் பொருத்துவது இதற்கு எடுத்துக்காட்டு. பிராசஸர் இல்லாமலே பென் டிரைவ் வழியாகப் பயாஸை மாற்றும் பட்டன் சில மதர்போர்டுகளில் உண்டு. மிகப் பழைய கார்டு என்றால், புதிய மதர்போர்டில் சிஎஸ்எம் என்ற பழைய இயக்கமுறை அணைந்திருப்பதாலும் படம் வராமல் போகலாம். குழப்பமான அமைப்புகளை அழிக்க, மின்கம்பியை உருவிவிட்டு வட்ட வடிவ சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடங்கள் கழற்றி வைத்தால் போதும்.

கார்டை நேரடியாகச் செருகாமல் ரைசர் கேபிள் வழியாக இணைத்திருந்தால், அதை எடுத்துவிட்டு நேரடியாகப் பொருத்திப் பார்க்க வேண்டும். பழைய தலைமுறைக் கேபிள் புதிய கார்டின் வேகத்தைத் தாங்காது.

விண்டோஸ் வந்ததும் மறையும் திரை

மதர்போர்டு நிறுவனத்தின் முத்திரை தெரிந்து, விண்டோஸ் ஏறும்போது திரை இருண்டால் வன்பொருளைவிட டிரைவர் மீதே சந்தேகப்பட வேண்டும். விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) ஆகிய நான்கு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் டிரைவர் புதிதாகத் தொடங்கும். அதிலும் பலனில்லை என்றால் சேஃப் மோடில் நுழைந்து டிரைவரை நீக்கி, கார்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிதாக நிறுவ வேண்டும்.

கடைசிச் சோதனை

எல்லாம் பார்த்த பிறகும் திரை வரவில்லை என்றால், நன்றாக இயங்கும் வேறொரு கணினியில் கார்டைப் பொருத்திப் பார்க்க வேண்டும். அங்கே படம் வந்தால் குறை புதுக் கணினியின் மற்ற பாகங்களில் இருக்கிறது. அங்கேயும் வராவிட்டால்தான் கார்டு பழுது என்று உறுதியாகச் சொல்லலாம். அப்போதும் கார்டின் விசிறியையோ ஹீட்சிங்கையோ பிரிக்காமல், பில்லும் சீரியல் எண் ஒட்டிய பெட்டியுமாக வாரண்டிக்குக் கொண்டுசெல்வதே சரி. கணினி சில வாரங்கள் சிக்கலின்றி ஓடும்வரை அந்தப் பில்லையும் பெட்டியையும் தூக்கி எறியாதீர்கள்.