வெயில் ஊரில் ஒரு குறைபாடு

நுழையும்முன்

மிகுதி, குறைவு ஆகிய இரண்டுமே நோய்க்குக் காரணமாகும் என்பதைத் திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் உணர்த்துகிறது. வைட்டமின் டி என்னும் உயிர்ச்சத்து இதற்குத் தக்க சான்றாகும். அது குறைந்தால் எலும்பு நலியும். அளவு கடந்து மிகுந்தால் சிறுநீரகம் பழுதடையும். இக்குறைபாட்டை அறிந்து, பாதுகாப்பாகத் தீர்க்கும் வழியை இப்பாடம் விளக்குகிறது.

வெயில் இருந்தும் குறைவு ஏன்?

நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் உள்ள கோயம்புத்தூரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆயினும், வெயில் ஊரில் இருந்தால் போதாது. தோலின்மீது பட வேண்டும். சூரிய ஒளியிலுள்ள புறஊதா பி கதிர்கள் பட்டதும் தோலில் வைட்டமின் டி உருவாகிறது. பின்னர்க் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் மாற்றமடைந்து, உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் உறிஞ்சத் துணைபுரிகிறது.

காட்டிலும் தோட்டத்திலும் உழைத்த கொங்கு மக்களின் வழித்தோன்றல்களுள் பலர் இன்று நூற்பாலை, பின்னலாடைத் தொழிற்கூடம், அலுவலகம் ஆகியவற்றின் கூரையின்கீழ்ப் பகலைக் கழிக்கின்றனர். சன்னல் கண்ணாடி இக்கதிர்களைத் தடுத்துவிடும். இளங்காலையிலும் மாலையிலும் இவை மிகக் குறைவு. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குறுகியிருக்கும்போதே மிகுதியாகக் கிடைக்கும். கருநிறத் தோலுக்குக் கூடுதல் நேரம் தேவைப்படும்.

உணவின்வழிக் கிடைப்பது சிறிதளவே. இராகிக்களி கால்சியத்தைத் தரும். வைட்டமின் டியைத் தராது. கொழுப்பு மிகுந்த மீன், முட்டையின் மஞ்சள் கரு, செறிவூட்டப்பட்ட பால், சமையல் எண்ணெய் ஆகியவை ஓரளவு உதவும்.

அறிகுறிகள்

குறைபாடு பலருக்கு வெளியே தெரியாது. முற்றும்போது இடுப்பு, தொடை, விலா எலும்புகளில் வலி தோன்றும். தரையில் அமர்ந்தவர் கையூன்றாமல் எழ இயலாது. படியேறத் தொடை வலுவிழக்கும். வளரும் குழந்தைகளுக்குக் கால்கள் வளையலாம். 'வேலை செய்த களைப்பு', 'வயதானால் வருவதுதான்' என்று வீட்டில் உள்ளோர் இவற்றைப் புறந்தள்ளுவதுண்டு. அதே வேளையில், எல்லா வலியும் இக்குறைபாட்டால் வருவதன்று. ஆகவே, மருத்துவர் உடலைச் சோதித்து, தேவையெனில் இரத்தப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும்.

அளவறிந்த சிகிச்சை

நலமுள்ள பெரியவர் ஒருவரின் ஒருநாள் தேவை 600 அலகு. மருந்துக்கடையில் கிடைக்கும் ஒரு மாத்திரையிலோ பொடிப் பொட்டலத்திலோ 60,000 அலகு இருக்கலாம். அஃது ஏறத்தாழ 100 நாள் தேவைக்குச் சமம். குறைபாடு உறுதியான பெரியவர்களுக்கு மருத்துவர்கள் இதனை வாரத்திற்கு ஒன்றாக, பெரும்பாலும் 8 வாரங்களுக்குப் பரிந்துரைப்பர். பின்னர் அளவைக் குறைப்பர்.

'வாரம் ஒன்று' என்பதை 'நாள் ஒன்று' எனப் பிறழ உணர்வதே பேராபத்து. வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. மிகுந்தால் உடலில் தங்கிவிடும். அதனால் இரத்தத்தில் கால்சியம் உயர்ந்து குமட்டல், தீராத் தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், மலச்சிக்கல், மனக்குழப்பம் ஆகியவை தோன்றும், சிறுநீரகமும் பாதிக்கப்படும். இவ்வறிகுறிகள் தென்பட்டால் மருந்தை நிறுத்தி, உடனே மருத்துவரை அணுக வேண்டும். சிறுநீரக நோயோ சிறுநீரகக் கல்லோ உள்ளவர்கள் அதனை மருத்துவரிடம் முன்னரே கூறுதல் கட்டாயம். குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் அளவு வேறுபடும். ஒருவருக்கு எழுதிய மருந்தை மற்றவர் உட்கொள்ளலாகாது.

எலும்பு ஒரே நாளில் நலிவதில்லை. ஒரே நாளில் தேறுவதுமில்லை. பொறுமையும் அளவும் இச்சிகிச்சையின் இரு கண்கள்.

தெரிந்து தெளிவோம்

இராபர்ட் மெக்காரிசன் நீலகிரி மாவட்டம் குன்னூரில் 1918இல் தொடங்கிய ஆய்வுப்பணி, பின்னர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. 1958இல் ஐதராபாத்திற்கு இடம்பெயர்ந்த அந்நிறுவனமே இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். இந்தியருக்கான அன்றாட ஊட்டச்சத்து அளவுகளை வகுப்பதில் அது முதன்மைப் பங்காற்றுகிறது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டிலுள்ள மருந்து ஒன்றின் உறையைப் படித்து, அதன் அளவு, உட்கொள்ள வேண்டிய கால இடைவெளி ஆகியவற்றை வீட்டில் உள்ள பெரியோருக்கு விளக்குக.
2. 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்னும் பழமொழியை இப்பாடக் கருத்துடன் பொருத்தி வகுப்பில் உரையாடுக.