முதலில் மாற்ற வேண்டியது விசைப்பலகை

டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் பேராசிரியர் டக்ளஸ் லீத்தும் அவருடைய குழுவினரும் 2021-இல் ஓர் ஆய்வு செய்தார்கள். சாம்சங், ஷாவ்மி, ரியல்மி, ஹுவாவே கைபேசிகள் யாரும் தொடாமல் கிடக்கும்போது யாருக்கு என்ன அனுப்புகின்றன என்று பார்த்தார்கள். தயாரித்த நிறுவனத்துக்கும் கூகுளுக்கும் தகவல் போய்க்கொண்டே இருந்தது. ஹுவாவே கைபேசியில் இருந்த ஸ்விஃப்ட்கீ விசைப்பலகை, எந்தச் செயலியை எப்போது பயன்படுத்துகிறோம் என்பதை மைக்ரோசாஃப்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

என்னை அதிகம் உறுத்துவது இந்த விசைப்பலகைதான். கடவுச்சொல், மருத்துவரிடம் கேட்கும் சந்தேகம், வீட்டுச் சண்டை எல்லாமே அதன் வழியாகத்தான் போகின்றன. ஆகவே மாற்றத்தை அங்கே தொடங்கலாம். எஃப்-டிராய்டு என்ற கட்டற்ற மென்பொருள் களஞ்சியத்தில் கிடைக்கும் ஹெலிபோர்டு, இணைய அனுமதியே கேட்பதில்லை. தமிழ்99 பழகியவர்களுக்கு இண்டிக் கீபோர்டு இருக்கிறது.

அடுத்து, அரட்டைக்கு சிக்னல். 2016-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு கிராண்ட் ஜூரி (குற்ற வழக்குகளை விசாரிக்கும் குடிமக்கள் குழு), பயனர் விவரம் கேட்டு அதற்கு ஆணை அனுப்பியது. கணக்கு தொடங்கிய நேரத்தையும் கடைசியாக இணைந்த நாளையும் தவிர, கொடுக்க அவர்களிடம் எதுவும் இல்லை. சேர்த்து வைக்காததை யாரும் கேட்டு வாங்க முடியாது. வழிகாட்ட ஆர்கானிக் மேப்ஸ் போதும்; வரைபடத்தை இறக்கிக்கொண்டால் இணையமே வேண்டாம்.

இயங்குதளத்தை மாற்றுவதில்தான் நிதானம் தேவை. லீத் குழு சோதித்த இயங்குதளங்களில் ஏறக்குறைய எதையும் அனுப்பாமல் இருந்தது, மாண்ட்ரேக் லினக்ஸைத் தொடங்கிய கேல் டுவால் உருவாக்கிய ‘/இ/ஓஎஸ்’. அதற்கு அடித்தளமான லீனியேஜ்ஓஎஸ், நிறுவனங்கள் கைவிட்ட பழைய கைபேசிகளுக்கும் உயிர் கொடுக்கிறது. ஆனால் வேறு இயங்குதளம் போட, கைபேசியைத் தொடங்கிவைக்கும் நிரலான பூட்லோடரைத் திறக்க வேண்டும்; பெரும்பாலான மாடல்களில் லீனியேஜ்ஓஎஸ் நிறுவியபின் அதைத் திரும்பப் பூட்ட முடியாது. கைபேசி பிறர் கையில் சிக்கினால் இயங்குதளத்திலேயே கைவைக்க இடமுண்டு. கிராபீன்ஓஎஸ் என்ற மாற்று இயங்குதளம், கூகுளின் பிக்சல் கைபேசிகளைத் தேர்ந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்: வேறு இயங்குதளம் போட்டபின்னும் அவற்றைப் பூட்டலாம். கூகுள் பிளே வேண்டுமென்றால் தனிச்சலுகை இல்லாத சாதாரணச் செயலியாக அதில் ஓடும். பூட்டாத கைபேசியில் புது இயங்குதளம் போடுவதைவிட, பழையதையே வைத்துக்கொண்டு செயலிகளை மட்டும் மாற்றுவது நல்லது என்பேன்.

வங்கி, யுபிஐ செயலிகள் சில, மாற்று இயங்குதளத்தைக் கண்டதும் திறக்க மறுக்கும். அவற்றுக்கென்று பழைய கைபேசி ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். புதிதாக வாங்குவோர், மாடல் எண் தாங்கள் போட நினைக்கும் இயங்குதளத்தின் பட்டியலில் இருக்கிறதா, பூட்லோடரைத் திறக்க நிறுவனம் அனுமதிக்கிறதா என்று பணம் கொடுக்கும் முன்பே பார்க்க வேண்டும். திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். படங்களையும் தொடர்பு எண்களையும் முதலில் வேறிடத்தில் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.