நீரைச் சேமித்த பாலை நகரம்

லாயாங் லாயாங் போன்ற ஜொகூர் ஊர்களில் மாலை மழை புதிதன்று. செம்பனைத் தோட்டங்களின் வடிகால்கள் நிரம்பி ஓடுவதைப் பார்த்தே அங்குள்ள பிள்ளைகள் வளர்கின்றனர். ஜொகூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை பெய்கிறது. இந்தியாவின் மேற்கு எல்லையை ஒட்டியுள்ள ஜெய்சல்மேர் நகரத்திலோ ஓர் ஆண்டின் மொத்த மழை ஏறத்தாழ 200 மில்லிமீட்டர்தான். அதுவும் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலத்தில் சில நாள்களிலேயே பெய்து ஓய்ந்துவிடும். சில ஆண்டுகளில் அந்த மழையும் பொய்த்துப் போகும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு நகரம் 850 ஆண்டுகளுக்கும் மேலாக எவ்வாறு நிலைத்திருக்கிறது?

ஜெய்சல்மேர், இராஜஸ்தான் மாநிலத்தில் தார்ப் பாலைவனத்தின் நடுவே அமைந்துள்ளது. ஏறத்தாழ 200,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இப்பாலைவனம் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பரந்து கிடக்கிறது. தமிழர் வகுத்த ஐந்திணையுள் பாலை தனி நிலமாக எண்ணப்படவில்லை. குறிஞ்சியும் முல்லையும் கோடையில் வறண்டு திரிந்த நிலமே பாலை எனப்பட்டது. மழை வந்தால் அது மீண்டும் பசுமையாகும். தார் அப்படியன்று. அங்கு வறட்சியே நிலத்தின் இயல்பு. கோடைப் பகலில் வெப்பம் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டும். குளிர்கால இரவிலோ 5 டிகிரிக்கும் கீழே இறங்கும். பாலைவனம் என்றதும் மணல்மேடுகளே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், ஜெய்சல்மேரைச் சுற்றியுள்ள நிலத்தின் பெரும்பகுதி முட்புதர்கள் நிறைந்த பாறைச் சமவெளியாகும். நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஜெய்சல்மேர் மாவட்டம் ஜொகூரைப்போல் இரண்டு மடங்கு பெரியது. ஆயினும், 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கு ஒரு சதுர கிலோமீட்டருக்கு 17 பேரே வாழ்ந்தனர்.

பட்டி இராஜபுத்திர மரபைச் சேர்ந்த மன்னர் ராவல் ஜெய்சல், 1156ஆம் ஆண்டில் இந்நகரத்தை நிறுவினார் என்பது மரபு. ‘ஜெய்சலின் மலை’ என்பதே ஊர்ப்பெயரின் பொருள். ஏறத்தாழ 75 மீட்டர் உயரமுள்ள குன்றின்மேல், மஞ்சள் மணற்கல்லால் கோட்டை எழுப்பப்பட்டது. மாலை வெயிலில் அது பொன்னிறமாக ஒளிர்வதால் ‘பொற்கோட்டை’ என்னும் பெயர் பெற்றது. வங்காள இயக்குநர் சத்யஜித் ராய் 1974ஆம் ஆண்டில் இக்கோட்டையைக் களமாக வைத்து எடுத்த திரைப்படத்தின் பெயரும் அதுவே.

சிந்து, மத்திய ஆசியா, குஜராத் ஆகிய பகுதிகளை இணைத்த ஒட்டக வணிகப் பாதையில் இந்நகரம் இருந்தது. பட்டு, நறுமணப் பொருள்கள், உலர்பழங்கள் முதலியவற்றைச் சுமந்து சென்ற வணிகர்களிடம் மன்னர்கள் வரி பெற்றனர். உள்ளூர் வணிகர்களும் செல்வம் சேர்த்து மாளிகைகள் கட்டினர். அவற்றுள் சிறந்தது பட்வா குடும்பத்தாரின் ஐந்து மாளிகைகளின் தொகுதி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டத் தொடங்கப்பட்ட அம்மாளிகைகளின் கற்சாளரங்கள் வலைப்பின்னல்போல் செதுக்கப்பட்டவை. அவை அழகுக்காக மட்டும் அமைக்கப்பட்டவையல்ல. வெயிலைத் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடுவதற்காகவும் அவ்வாறு செதுக்கப்பட்டன. பின்னர், பம்பாய்த் துறைமுகம் வளர்ந்து வணிகம் கடல்வழிக்கு மாறியபோது ஜெய்சல்மேரின் செல்வம் குன்றியது. 1947இல் இந்தியா பிரிவினையடைந்ததும் சிந்துப் பகுதிக்குச் சென்ற பாதை அடைபட்டது.

வணிகம் வருவதும் போவதுமாக இருந்தாலும், மக்களை அங்கு தங்க வைத்தது நீரை அவர்கள் கையாண்ட முறையே. அதைப் பற்றி விரிவாக எழுதியவர் அனுபம் மிஸ்ரா. 1995இல் வெளிவந்த இராஜஸ்தானின் நீர் மரபு பற்றிய தம் நூலில், அம்மக்கள் நீரை மூன்றாக வகுத்திருப்பதை அவர் விளக்குகிறார். முதலாவது, வானிலிருந்து விழுந்து நிலத்தின்மேல் ஓடும் மழைநீர். இரண்டாவது, மிக ஆழத்தில் கிடக்கும் நிலத்தடி நீர்; அது பல இடங்களில் உப்புக் கரிக்கும். மூன்றாவது வகைதான் வியப்பானது. சில இடங்களில் மணலுக்கு அடியில் ஜிப்சம் படிவம் ஒன்று தட்டுப்போல் பரந்திருக்கிறது. மணலில் இறங்கிய மழைநீர் அதைத் தாண்டி உப்புநீரோடு கலக்காமல், ஈரமாக அங்கேயே தங்கிவிடுகிறது. அந்த ஈரத்தைப் பெற, மிகக் குறுகலான கிணறு ஒன்றைத் தோண்டுவார்கள். அதன் சுவரிலிருந்து நீர் துளித்துளியாகக் கசியும். ஒரு நாளில் இரண்டு மூன்று குடம் கிடைத்தாலே பெரிது. கிணற்றை அகலமாகத் தோண்டினால் என்ன என்று கேட்கத் தோன்றும். அகலமான அடிப்பரப்பில் அச்சிறிதளவு நீர் படலமாகப் பரவிவிடும். குடத்தில் மொள்ள முடியாது. வெப்பத்தில் ஆவியாகவும் போய்விடும்.

வயலுக்கும் இதே சிந்தனைதான். சரிவான நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் நீண்ட மண்கரை ஒன்றை எழுப்புவார்கள். பாறைப் பரப்பில் விழும் மழை அங்கு வந்து தேங்கி, மண்ணுக்குள் ஊறும். நீர் வடிந்தபின் அந்த ஈரத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைப்பார்கள். ‘கடீன்’ எனப்படும் இம்முறையில் பாலிவால் பிராமணர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தேர்ச்சி பெற்றிருந்தனர். 19ஆம் நூற்றாண்டில் அவர்கள் கைவிட்டுச் சென்ற குல்தாரா என்னும் ஊர் இன்றும் வெறிச்சோடிக் கிடக்கிறது. பேய் ஊர் என்ற கதையைக் கேட்டே பலர் அங்குச் செல்கின்றனர். அவ்வூரார் செய்த வேளாண்மையைக் கேட்டுச் செல்வோர் குறைவு.

நகரத்திற்குக் குடிநீர் தந்தது கடிசர் ஏரி. 14ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட இந்த ஏரி முழுக்க முழுக்க மழைநீரை நம்பியது. பெண்கள் நாள்தோறும் குடம் சுமந்து வந்து நீர் மொண்டு சென்றனர். இவ்வாறு பெற்ற நீரை எவரும் வீணாக்கவில்லை. குளித்த நீர் துணி துவைக்கவும், துவைத்த நீர் கால்நடைக்கும் மரத்திற்கும் பயன்பட்டது. உணவும் வறட்சிக்கு ஏற்றதாகவே அமைந்தது. கம்பு ரொட்டி, மோர், வன்னி மரத்தின் காய்களையும் காட்டுப் புதர்க் காய்களையும் உலர்த்திச் சமைக்கும் கேர் சாங்ரி ஆகியவை இன்றும் அங்கு விரும்பி உண்ணப்படுகின்றன.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைமை மாறியது. 1968இல் இரயில் பாதை வந்தது. பஞ்சாபில் தொடங்கும் கால்வாய் 1980களில் இம்மாவட்டத்தை எட்டியது; இன்று அது இந்திரா காந்தி கால்வாய் எனப்படுகிறது. குழாய்நீர் கோட்டைக்குள்ளும் ஏறியது. சுற்றுப்பயணிகள் பெருகவே, பழைய வீடுகள் தங்கும் விடுதிகளாயின. குளியலறைகளும் கழிப்பறைகளும் பல மடங்காயின.

இங்குதான் எவரும் எதிர்பாராத சிக்கல் எழுந்தது. அக்கோட்டை வறண்ட காலநிலைக்காகக் கட்டப்பட்டது. எப்போதாவது பெய்யும் மழை குன்றில் தங்காமல் உடனே கீழே வழிந்தோட அதில் நல்ல வடிகால் அமைப்பும் இருந்தது. ஆனால், நாள்தோறும் வெளியேறும் கழிவுநீரை அந்த வடிகால்களால் தாங்க இயலவில்லை. பழுதடைந்த குழாய்களிலிருந்து நீர் குன்றுக்குள் கசிந்தது. மணற்கல்லுக்கு இடையே களிமண் அடுக்குகள் உள்ளன. அவை நனைந்து இளகியதும், மேலே நின்ற சுவர்கள் நகரத் தொடங்கின. ஆபத்தில் உள்ள நினைவுச்சின்னங்களின் உலகப் பட்டியலில் 1996இல் கோட்டை இடம்பெற்றது. 1998இல் வெளிச்சுவரின் ஒரு பகுதி இடிந்து ஆறு பேர் உயிரிழந்தனர். பற்றாக்குறையை எட்டு நூற்றாண்டுகள் தாங்கிய சுவர்கள், நீர் தாராளமாக வந்த சில பத்தாண்டுகளில் தளர்ந்தன.

விடுதிகளைக் கோட்டைக்கு வெளியே மாற்ற வேண்டும் என்று பாதுகாப்பு வல்லுநர்கள் கூறுகின்றனர். அக்கோட்டையோ வெறும் காட்சிப்பொருள் அன்று; அதனுள் இன்றும் சில ஆயிரம் மக்கள் வாழ்கின்றனர். தலைமுறை தலைமுறையாக அங்கிருக்கும் குடும்பங்களுக்கு விடுதி வருமானமே வாழ்வாதாரம். அவர்களை வெளியேறச் சொல்வது எளிதன்று. அவர்களின் வீட்டுக்கு அடியில் நீர் ஊறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதும் இயலாது. கோட்டையைக் காக்கும் முயற்சியில் சுவர்களும் வடிகால்களும் சீரமைக்கப்பட்டன. 2013இல் இராஜஸ்தானின் வேறு ஐந்து மலைக்கோட்டைகளோடு சேர்த்து, யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. நகரத்திற்கு வெளியே, கால்வாய் நீர் எட்டாத சில ஊர்களில், உழவர்கள் இன்னமும் மழைக்கு முன்பு மண்கரைகளைச் செப்பனிடுகின்றனர்.