ஒரே படகு, இரண்டு பாய்

பொன்மலை ரயில்வே பணிமனை 1928-ல் நாகப்பட்டினத்திலிருந்து இங்கே வந்தது. வரும்போது கடலை அங்கேயே விட்டுவிட்டு வந்ததால், பாய்மரப் படகைப் பற்றிய பேச்சு எங்கள் ஊரில் எழுவதில்லை. ஆனால் 2024 பாரிஸ் ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்கு இந்தியாவிலிருந்து போனவர்கள் இரண்டே பேர், இருவரும் தமிழ்நாட்டுக்காரர்கள். வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன் இல்கா 7 படகில் 18-வது இடம் பிடித்தார். சென்னையின் நேத்ரா குமணன் இல்கா 6-ல் 21-வது. பிள்ளையை இந்த விளையாட்டில் சேர்க்க நினைக்கும் குடும்பத்துக்கு முதல் கேள்வி இதுதான்: ஆறா, ஏழா?

அளவு நாடாவை வைத்துப் பார்த்தால் விடை கிடைக்காது. இரண்டும் 4.2 மீட்டர் நீளம், ஏறக்குறைய 1.4 மீட்டர் அகலம், பாய்மரம் இல்லாமல் 59 கிலோ. இரண்டிலும் ஓட்டுபவர் ஒருவர்தான். புரூஸ் கர்பி வரைந்து 1971-ல் 595 டாலர் விலையில் நியூயார்க் கண்காட்சிக்கு வந்த அதே ‘லேசர்’ படகு இது. 2019-ல் பெயர் மட்டும் இல்கா என்று மாறியது.

வித்தியாசம் பாயில் இருக்கிறது. ஆறின் பாய் 5.76 சதுர மீட்டர், ஏழின் பாய் 7.06. கூடுதல் 1.30 சதுர மீட்டர், அதாவது 22.6 சதவீதம். கேட்கச் சின்னதாகத் தெரியும். காற்றைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பாய் காற்றை நேராகத் தடுத்து நிற்பதாக வைத்துக்கொண்டால், 15 நாட் காற்றில் (மணிக்கு 28 கி.மீ.) ஆறின் பாயில் விழும் விசை சுமார் 21 கிலோ எடைக்குச் சமம், ஏழில் 26. காற்று 20 நாட் ஆனால் 37, 46. காற்றின் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் ஏறியது, விசையோ முக்கால் பங்குக்கு மேல் ஏறிவிட்டது.

இந்த விசையைச் சமாளிக்கப் படகின் அடியில் ஈயக்கட்டி எதுவும் இல்லை. பாதத்தைப் படகுக்குள் இருக்கும் பட்டையில் மாட்டிக்கொண்டு, தொடையை விளிம்பில் வைத்து, முதுகு தண்ணீரைத் தொடும் அளவுக்கு வெளியே சாய்ந்து கிடக்க வேண்டும். எதிர் எடை ஓட்டுபவரின் உடம்புதான். ஆகவே படகை நிறுக்காதீர்கள், ஆளையும் சேர்த்து நிறுங்கள்.

65 கிலோ ஆள், ஆறு: மொத்தம் 124 கிலோ, கிலோவுக்கு 465 சதுர செ.மீ. பாய்.
82 கிலோ ஆள், ஏழு: மொத்தம் 141 கிலோ, கிலோவுக்கு 501.
65 கிலோ ஆள், ஏழு: கிலோவுக்கு 569.
82 கிலோ ஆள், ஆறு: கிலோவுக்கு 409.

மூன்றாவது வரிதான் பெற்றோர் செய்யும் தவறு. வளர்ந்த பிறகும் போட்டுக்கொள்ளட்டும் என்று ஒரு சைஸ் பெரிய பள்ளிச் சட்டை எடுக்கும் புத்தி இங்கே உதவாது. அந்தப் பிள்ளை நல்ல காற்று வரும் ஒவ்வொரு முறையும் கவிழும். நான்காவது வரிக்காரர் கவிழமாட்டார், இளங்காற்றில் கடைசியாக வருவார்.

இனி பணம். உல்லாச, விளையாட்டுப் படகுகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 40 ஆகிவிட்டது. லட்ச ரூபாய்க்கு 28,000 கட்டிய இடத்தில் இப்போது 40,000. கோடீஸ்வரரின் சொகுசுப் படகும் பள்ளிப் பிள்ளை ஓட்டும் 59 கிலோ படகும் ஒரே தட்டில் வைக்கப்பட்டிருக்கின்றன. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆனால் செலவைக் குறைக்கும் வழி படகிலேயே இருக்கிறது. உடல், சுக்கான், நடுவில் செருகும் பலகை, பாயின் அடிக்கம்பு, பாய்மரத்தின் மேல்துண்டு ஐந்தும் இரண்டுக்கும் பொருந்தும். மாறுவது கீழ்த்துண்டும் பாயும் மட்டுமே. அதே உடலில் 4.7 சதுர மீட்டர் பாயைக் கட்டினால் அது இல்கா 4. 2023-ல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நேஹா தாக்கூர் வெள்ளி வென்றது அந்த வகையில்தான். ஆக, வாங்க வேண்டியது ஒரு படகு. பிள்ளை வளர வளர மாற்ற வேண்டியது இரண்டு உருப்படி.

காவிரியிலேயே ஓட்டலாமே என்று கேட்பீர்கள். நடுப்பலகையை இறக்கினால் ஏறக்குறைய 80 செ.மீ. ஆழம் வேண்டும், கோடையில் அம்மா மண்டபத்துக்கு எதிரே மணல்தான் இருக்கும். பயிற்சிக்கு 330 கி.மீ. தாண்டிச் சென்னைக்குத்தான் போக வேண்டும். ரயில் கட்டணத்தையும் கணக்கில் சேருங்கள்.

என் தீர்ப்பு: 55 கிலோவுக்குக் கீழே நான்கு, 55 முதல் 70 வரை ஆறு, 75-ஐத் தாண்டினால் ஏழு. இடையில் நிற்பவர் ஆறையே எடுத்துக்கொண்டு, ஏழின் கீழ்த்துண்டையும் பாயையும் பிறகு வாங்கட்டும்.