பெருங்கொம்பு ஆடு

வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், கனடாவிலிருந்து மெக்சிகோ வரையில், உயர்ந்த மலைகளும் வறண்ட பாலைக் குன்றுகளும் பரவிக் கிடக்கின்றன. மனிதன் கால் வைக்க அஞ்சும் அவற்றின் செங்குத்துப் பாறைகளிலே ஒரு காட்டுச் செம்மறியாடு அச்சமின்றித் துள்ளித் திரிகிறது. அந்நாட்டார் அதனைப் ‘பிக்ஹார்ன்’ என்பர். நாம் பெருங்கொம்பு ஆடு என்று அழைக்கலாம்.

பெயருக்கேற்ற கொம்புதான். கிடாயின் கொம்புகள் பின்னோக்கி வளைந்து, கன்னத்தைச் சுற்றிச் சுருண்டு, முன்னே வருகின்றன. முதிர்ந்த கிடாயின் இரு கொம்புகளும் சேர்ந்து 14 கிலோகிராம் வரை எடை இருப்பதுண்டு. அவற்றிலுள்ள வளையங்களை எண்ணி அதன் வயதைக் கணிக்கலாம். இணை சேரும் பருவத்தில் இரு கிடாய்கள் எதிரெதிரே பாய்ந்து மோதும் ஓசை ஒரு மைலுக்கு அப்பாலும் கேட்கும். குளம்பின் விளிம்பு கடினமானது, நடுப்பகுதி மெத்தென்றது. ஆகவே வழுக்கும் பாறையிலும் கால் பற்றி நிற்கும். பெண் ஆடு குட்டி ஈனுவதற்குப் பகை விலங்குகள் எளிதில் நெருங்க முடியாத பாறைச் சரிவையே நாடிச் செல்லும்.

இத்தனை அரண்களைப் பெற்ற விலங்கு ஏன் அருகிப் போயிற்று? இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய நாளில், வேடனின் துப்பாக்கியும் மலைச்சிங்கத்தின் நகமுமே காரணம் என்று எண்ணியிருந்தேன். வேட்டை பெருங்கேடு செய்தது உண்மைதான். மேய்ச்சல் நிலம் சுருங்கியதும் உண்மைதான். ஆனால், இவற்றைவிட வெல்லுதற்கரிய பகை ஒன்று உண்டு. அது சாதுவான வீட்டுச் செம்மறியின் மூச்சிலே வந்தது!

19-ஆம் நூற்றாண்டில் மேற்கு நோக்கிக் குடியேறிய மக்கள் வீட்டுச் செம்மறிகளைப் பெருமந்தைகளாக அம்மலைப் பகுதிகளுக்கு ஓட்டி வந்தனர். அவற்றின் மூக்கிலும் தொண்டையிலும் மைக்கோப்ளாஸ்மா ஓவிநிமோனியே என்னும் நுண்ணுயிர் வாழ்வதுண்டு. வீட்டு ஆட்டுக்கு அதனால் பெரும்பாலும் பெருந்தீங்கு இல்லை. பெருங்கொம்பு ஆட்டுக்கோ அது கூற்றுவன். மூச்சுக்குழலின் உட்புறத்தில் நுண்ணிய மயிரிழைகள் உள்ளன. அவை துடைப்பம்போல் இடைவிடாது அசைந்து, உள்ளே புகும் கிருமிகளை வெளியே தள்ளுகின்றன. இந்நுண்ணுயிர் அவ்விழைகளைப் பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்கிறது. துடைப்பம் ஓய்ந்ததும் பிற கிருமிகள் நுரையீரலுக்குள் இறங்குகின்றன. நிமோனியா பிறக்கிறது.

முதல் அலையில் இளையதும் முதியதும் ஒருங்கே மாளும். பிழைத்த பெண் ஆடுகளுள் சில நோய்க்குறி ஏதுமின்றிக் கிருமியை ஆண்டுக்கணக்கில் சுமந்து திரியும். அவற்றிடமிருந்து குட்டிகளுக்கு நோய் தொற்றும். பிறந்து ஒன்றிரண்டு மாதங்களுக்குள் அவை மடியும். ஆண்டுதோறும் குட்டிகள் பிறந்தும் மந்தை பெருகாது. பகை விலங்கிலிருந்து காக்கும் கூட்டு வாழ்க்கையே இங்கு நோய் பரவ வழியாகிறது.

ஸ்நேக் நதி பாயும் ஹெல்ஸ் கேன்யன் என்னும் பெரும் பள்ளத்தாக்கில் இந்த ஆடுகள் 1945-க்குள் முற்றும் அழிந்தன. 1971 முதல் வேறிடங்களிலிருந்து கொண்டு வந்து அங்கே விட்டனர். 1995–96-இல் நிமோனியா பரவி, 300-க்கும் மேற்பட்டவற்றைக் கொண்டுபோயிற்று. பின்னாளில் அறிஞர்கள் ஆடுகளின் மூக்கிலிருந்து பஞ்சுக்குச்சியால் சளி எடுத்துச் சோதித்து, நெடுநாள் கிருமி சுமக்கும் ஆடுகளை மட்டும் மந்தையிலிருந்து விலக்கினர். அதன்பின் அம்மந்தைகளில் குட்டிகள் பிழைத்து வளர்ந்தன. பல குட்டிகள் வாழ ஒரு தாயை நீக்க வேண்டியிருக்கிறது. எளிதான முடிவன்று அது!

காட்டு மந்தைகளைக் காக்கும் பயனுள்ள தடுப்பூசி இன்னும் கிட்டவில்லை. ஆகவே, வீட்டு ஆடும் காட்டு ஆடும் நெருங்காதபடி பார்த்துக்கொள்வதே தலையாய மருந்து. ஐடஹோ மாநிலத்தின் பேயெட் தேசிய வனத்தில், இதன் பொருட்டு, செம்மறி மேய்ச்சல் நிலங்களுள் பெரும்பகுதியை மூடுவதென 2010-இல் முடிவு செய்தனர். தலைமுறைகளாக ஆடு மேய்த்து வாழ்பவருக்கு இது பேரிழப்பு. அவர் பகைவரல்லர், அவருடைய மந்தைக்கும் இடம் வேண்டும். இரு மந்தைகளுக்கும் தனித்தனியே இடம் வகுப்பதில்தான் அறிவும் அறமும் சோதிக்கப்படுகின்றன.

மாணவ நண்பர்களே, இதெல்லாம் பெரியோர் பாடு என்று நினைக்க வேண்டா. 1936-இல் அரிஸோனா மாநிலத்தில் இந்த ஆடுகளைக் காக்கக் குரல் கொடுத்தவர்கள் சாரணச் சிறுவர்கள். மேஜர் பர்னாம் என்பார் ஊக்க, பள்ளிகள்தோறும் சுவரொட்டிப் போட்டி நடந்தது. சிறுவர்கள் ஊர் ஊராக எடுத்துரைத்தனர். அதன் பயனாக 1939-இல் கோஃபா, கபேசா பிரியெட்டா என்னும் இரு காப்பிடங்கள் அமைந்தன. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 15 இலட்சம் ஏக்கர். அங்குள்ள பாலைக் குன்றுகளில் பெருங்கொம்பு ஆடுகள் இன்றும் உலவுகின்றன. அந்தச் சிறுவர்களிடம் அதிகாரமும் இல்லை, செல்வமும் இல்லை. இருந்தது அக்கறை ஒன்றே.